நான் சொன்ன நாலு விரலும், எனக்கு நிஜமாத் தெரிஞ்சதும்

எனக்குக் கண் போய்க்கிட்டிருக்குன்னு என் மனைவிக்குத் தெரிஞ்சது, திருமுல்கேரியில ஒரு பட்டாள முகாமுக்குள்ள நான் ஸ்கூட்டரோட போய் நின்ன அன்னிக்குத்தான். அதுவரைக்கும் நாலு வருஷம் மறைச்சு வெச்சிருந்தேன்.

இருட்டினா எனக்கு ரோடு தெரியாது. அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிருந்தேன். ஆபீஸ் விட்டு வரும்போது முன்னால போற பெரிய வண்டி ஒண்ணோட பின்பக்கச் சிவப்பு விளக்கைப் பிடிச்சுக்குவேன். அது நின்னா நானும் நிப்பேன். அது திரும்பினா நானும் திரும்புவேன். பெரும்பாலும் சிட்டி பஸ்தான். அன்னிக்கு பஸ் அமையல, ஒரு லாரி அமைஞ்சுது. நல்ல லாரி, நிதானமாப் போச்சு. ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டே பின்னால போனேன். அது திரும்புச்சு, நானும் திரும்பினேன். ஒரு மேட்டுல ஏறி இறங்குச்சு, நானும் ஏறி இறங்கினேன். அது நின்னுது. நானும் எஞ்சினை அணைச்சிட்டு நின்னேன். சுத்தி ஏழெட்டுப் பேர் பூட்ஸ் சத்தத்தோட ஓடி வந்தாங்க.

யாரு, எதுக்கு வந்தேன்னு இந்தியில கேட்டாங்க. ரயில்வே ஸ்டோர்ஸ் கிளார்க், வீட்டுக்குப் போறேன்னு சொன்னேன். வீடு இங்கயா இருக்குன்னு கேட்டாங்க. இல்ல, மாரெட்பள்ளியிலன்னு சொன்னேன். எனக்கே அது சரியான பதிலாப் படல. ஒரு பெஞ்சுல உட்கார வெச்சு, டீ கொடுத்து, என் போனை வாங்கி வீட்டுக்குப் பேசினாங்க.

கிரேஸ் ஆட்டோவுல வந்தா. அவ சாத்தான்குளம் பக்கத்துப் பொண்ணு. கல்யாணமாகி முப்பது வருஷமா செகந்திராபாத்ல இருந்தும் பேச்சு ஒரு எழுத்து மாறல. திரும்பி வரும்போது பாதி வழி வந்தாச்சு. அப்புறம் கேட்டா, "எத்தன வருசமா இப்படி?"

"நாலு வருஷம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

வெட்கம்தான் காரணம். வெட்கம்னு சொல்லவும் வெட்கமா இருந்துச்சு.

அடுத்த வாரமே கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. விழித்திரை ஓரத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டு வருதுன்னு சொன்னாங்க. பரம்பரையா வர்றது. மருந்து கிடையாது. குழாய் வழியாப் பார்க்கிற மாதிரி ஆகும், அப்புறம் குழாயும் அடைபடும்னாங்க. அப்படியே ஆச்சு. மூணு வருஷத்துல குழாய் அடைபட்டுப் போச்சு. நடுவுல நான் பண்ணின கூத்தெல்லாம் நம்ம சபையில பாதிப் பேருக்குத் தெரியும். ஜவுளிக்கடையில பொம்மைகிட்ட, "கொஞ்சம் ஒதுங்குங்கம்மா"ன்னு ரெண்டு தடவை சொல்லி, ஒதுங்கலன்னு கோபப்பட்டவன் நான். கல்யாண வீட்டுல மாப்பிள்ளைன்னு நெனச்சு சமையல்காரர் கையைப் பிடிச்சு, நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்னு சொன்னவன் நான். அவர் நல்ல மனுஷன், ஆமென்னு சொன்னார்.

வேலையை விட்டேன். ஏழு வருஷம் இருட்டு. டியூப் லைட் எரியுதா இல்லையாங்கிறது மட்டும்தான் தெரியும்.

அந்த ஏழு வருஷத்துல நான் ஆண்டவரோட பேச்சை நிறுத்திட்டேன். இதை இதுவரைக்கும் சபையில சொன்னதில்ல. நம்ம வீடுகள்ல கோபம் வந்தா எப்படி? பேச மாட்டோம், ஆனா சாப்பாட்டுக்கு வந்து உட்காருவோம். அதே மாதிரிதான். ஞாயித்துக்கிழமை வருவேன், பாட்டுப் பாடுவேன், திருவிருந்து எடுப்பேன். ஆனா தனியா ஒரு வார்த்தை அவர்கிட்டப் பேச மாட்டேன். எனக்கும் சேர்த்து கிரேஸ்தான் பேசிக்கிட்டிருந்தா. முழங்கால் போட்டுக்கிட்டு, "அவிய கோவத்துல இருக்காவ, நீரு கண்டுக்கிடாதிரும்"னு அவ சொல்றது அடுத்த ரூம்ல எனக்குக் கேட்கும்.

எனக்காக எல்லாரும் ஜெபிச்சீங்க. அதுக்கு நன்றி. யோசனையும் சொன்னீங்க, அதுக்கும் நன்றி. ஒருத்தர் கண்ணுல தேன் விடச் சொன்னார். எறும்பு வந்துச்சு. இன்னொருத்தர் முருங்கைக்கீரை சொன்னார். ஒரு வருஷம் முழுக்க எங்க வீட்டுல முருங்கைக்கீரை. சட்டியில கீரை கொதிக்கிற சத்தம் கேட்டாலே எனக்கு அழுகை வரும்.

எங்க மக ஜெமி கொண்டாப்பூர்ல கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறா. நான் தமிழ்ல கேட்டா அவ தெலுங்குல பதில் சொல்லுவா. ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு நாள் அவதான் செய்தி கொண்டு வந்தா. ஊர்ல ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரியில புதுசா ஒரு கருவியைச் சோதிச்சுப் பார்க்கிறாங்களாம். கண்ணாடியில சின்ன கேமரா இருக்கும். அது பார்க்கிறதை இடுப்புல கட்டின ஒரு பெட்டி புள்ளிகளா மாத்தும். கண்ணுக்குள்ள விழித்திரை மேல மெல்லிசா ஒரு சின்ன தகடை ஆபரேஷன் பண்ணி ஒட்டியிருப்பாங்க. அந்தத் தகடு, மிச்சம் உயிரோட இருக்கிற நரம்பைத் தட்டி எழுப்பும். நான் எதுக்கு இந்த வயசுலன்னு இழுத்தேன். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நான்னா, ஒக்கசாரி ட்ரை சேத்தாம்"னா. அப்பா, ஒரே ஒரு தடவை பார்க்கலாமேன்னு அவ கேட்டதுக்கு என்னால மறுப்புச் சொல்ல முடியல.

டாக்டர் வசுந்தராதான் அந்தச் சோதனைக்குப் பொறுப்பு. அவங்க சொன்ன முதல் விஷயமே என்னைத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கொஞ்சம் பார்வை மிச்சம் இருக்கிறவங்களை எடுத்துக்க மாட்டாங்களாம். வெளிச்சம், இருட்டு ரெண்டுக்கு மேல எதுவும் தெரியக் கூடாது. அதுக்கு ஒரு வாரம் பரிசோதனை.

இங்க ஒரு சிக்கல் வந்துச்சு. நீங்க எல்லாரும் புதன்கிழமை ஜெபக் கூட்டத்துல, தேவசகாயத்துக்குப் பார்வை திரும்ப வரணும்னு மன்றாடிக்கிட்டிருந்தீங்க. கிரேஸ் பயந்துட்டா. இவங்க ஜெபம் இப்பப் பார்த்து கொஞ்சமாப் பலிச்சுட்டா என்ன செய்யிறதுன்னு கேட்டா. நியாயமான கேள்விதான். அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால, ஏழு வருஷம் கழிச்சு நான் வாய் திறந்தேன். "ஆண்டவரே, எல்லாரும் கேட்கிறதைக் கொஞ்சம் தள்ளி வையும். இந்தப் பரீட்சையில எனக்கு முட்டை வரணும்"னு ஜெபிச்சேன். கிரேஸ் ஆமென்னு சொல்லிட்டு அழுதா. என்ன வேண்டிக்கிட்டேங்கிறதுக்காக இல்ல. நான் பேசினதுக்காக.

முட்டைதான் வந்துச்சு. எடுத்துக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் சம்மதப் பத்திரம். டாக்டரம்மா பக்கம் பக்கமாப் படிச்சாங்க. பலன் கிடைக்கும்னு உறுதி இல்ல. தகடு வேலை செய்யாமப் போகலாம். கண்ணுல புண் வரலாம், திரும்ப எடுக்க வேண்டி வரலாம். பழைய மாதிரி முகம் தெரியாது, எழுத்து தெரியாது. எல்லாம் படிச்சு முடிச்சிட்டு, புரிஞ்சதை உங்க வார்த்தையில சொல்லுங்கன்னாங்க. "எனக்குப் பார்வை வரும்"னு சொன்னேன். முதல்லேர்ந்து திரும்பப் படிச்சாங்க. திரும்பக் கேட்டாங்க. "கர்த்தர் கிருபையால பார்வை வரும்"னு சொன்னேன். பெருமூச்சு விட்டுட்டு மூணாவது தடவை படிச்சாங்க. அப்பதான் சரியா ஒப்பிச்சேன். ஆனா உள்ளுக்குள்ள நம்பல. கிரேஸ் முகத்தைப் பார்க்கத்தான் போறேன்னு நெனச்சேன்.

ஆபரேஷன் அன்னிக்குக் காலையில என்னைத் தள்ளுவண்டியில படுக்க வெச்சாங்க. நான் தைரியமா இருக்கிற மாதிரி ஒரு பாட்டை முணுமுணுத்தேன். அது சவ அடக்க ஆராதனைப் பாட்டுன்னு ரெண்டாவது சரணத்துலதான் ஞாபகம் வந்துச்சு. கிரேஸ் என் தலையில கையை வெச்சு ஜெபம் பண்ணினா. அவ ஜெபம் எப்பவும் நீளம். அன்னிக்கு ரெண்டே வரிதான்.

"கண்ணு வராட்டாலும் போவட்டும் ஆண்டவரே. ஆளு முழுசா வந்துரணும்."

ஆளு முழுசா வந்தேன். அதுக்கே நான் சாட்சி சொல்லியிருக்கணும்.

சில வாரம் கழிச்சு, புண் ஆறினதும், கருவியைப் போட்டு விட்டாங்க. டாக்டரம்மா, ஜெமி, கிரேஸ், பயிற்சி கொடுக்கிற ஃபாத்திமா எல்லாரும் ரூம்ல இருந்தாங்க. ஃபாத்திமா பழைய நகரப் பகுதியில பொறந்து வளர்ந்த பொண்ணு. தக்கனி உருதுலதான் பேசுவா. எனக்கு அது சின்ன வயசுலேர்ந்து பழக்கம்.

பெட்டியில ஏதோ அமுக்கினாங்க. முதல்ல ஒண்ணும் இல்ல. அப்புறம் இடது பக்கம் ஒரு பொறி. மறுபடி ஒண்ணு. அப்புறம் எண்ணெய்ச் சட்டியில கடுகு வெடிக்கிற மாதிரி படபடன்னு புள்ளிகள். கலர் கிடையாது. வடிவம் கிடையாது. ஆனா வெளிச்சம். ஏழு வருஷத்துக்கு அப்புறம், டியூப் லைட்டுக்கு வெளியில ஒரு வெளிச்சம். எனக்குத் தேம்பித் தேம்பி அழுகை வந்துச்சு.

அப்ப கிரேஸ் கேட்டா, "ஏங்க, நான் தெரியுதேனா?"

அவ குரல்ல இருந்த ஆசையை நீங்க கேட்டிருக்கணும். என்னால இல்லன்னு சொல்ல முடியல. எனக்கு முன்னால நிறையப் புள்ளி வெடிச்சுக்கிட்டிருந்துச்சு. அதுதான் கிரேஸ்னு முடிவு பண்ணினேன்.

"தெரியுற, கிரேஸ். அப்படியே இருக்க. ஒண்ணும் மாறல."

ஜெமி மெதுவா, "நான்னா, அது ஜன்னல்"னா. கிரேஸ் எனக்குப் பின்னால நின்னுக்கிட்டிருந்தா.

எல்லாரும் சிரிச்சோம். கிரேஸும் சிரிச்சா. ஆனா வரும்போது ஆட்டோவுல என் கையைத் தட்டி, "பொய் சொல்லாதிய என்ன"ன்னு மட்டும் சொன்னா.

சொன்னேன். அடுத்த ஞாயித்துக்கிழமையே சொன்னேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாஸ்டர் ஐயா என்னை மேடைக்குக் கூப்பிட்டார். நான் ஆபரேஷனைப் பத்தி, வெளிச்சத்தைப் பத்தி எல்லாம் சொன்னேன். அதுவரைக்கும் எல்லாம் உண்மை. நடுவுல நம்ம கமிட்டி பால்ராஜ் அண்ணன் முதல் வரிசையிலேர்ந்து எழுந்து கையைத் தூக்கி, "எத்தனை விரல் பிரதர்?"னு கேட்டார். சபை முழுக்க மூச்சை அடக்கிக்கிட்டு இருக்கு. எனக்கு அவர் நிக்கிறதே தெரியல. ஒண்ணுன்னா சாதாரணம், அஞ்சுன்னா அவசரப்பட்ட மாதிரி இருக்கும்னு யோசிச்சு, "நாலு"ன்னேன்.

நாலுதானாம். அன்னிக்கு நீங்க போட்ட அல்லேலூயாவுல மைக்கே கரகரன்னுச்சு. கிரேஸ் மட்டும் என் பக்கத்துல சத்தமில்லாம நின்னா.

அன்னிக்கு அந்த நாலு விரலை நான் பார்க்கல. இன்னிக்கு நான் எழுந்து நின்னது முதல்ல இதைச் சொல்லத்தான்.

அந்த ஆபத்தான பழக்கம் ஆஸ்பத்திரிக்கும் வந்துச்சு. அங்க கறுப்புத் திரையில ஒரு வெள்ளைச் சதுரம் வரும். எங்க இருக்குன்னு விரலால தொடணும். ஒரு நாள் நான் உற்சாகமா, மேல வலது பக்கம், இப்ப கீழன்னு தொட்டுக்கிட்டே போனேன். பத்துப் பதினஞ்சு சதுரம் தொட்டிருப்பேன். ஃபாத்திமா ஒண்ணும் சொல்லாம எழுதிக்கிட்டிருந்தா. கடைசியில, "சாப், மெஷின் பந்த் ஹை"ன்னா. கருவியை அணைச்சு வெச்சிருந்தாங்க. அணைச்சிருக்கும்போது ஒரு தடவை, போட்டிருக்கும்போது ஒரு தடவைன்னு ரெண்டு விதமாவும் சோதிப்பாங்களாம். அதை டாக்டரம்மா மூணு தடவையும் படிச்சிருக்காங்க.

எனக்குக் காது சூடாயிடுச்சு. உங்களை எல்லாம் சந்தோஷப்படுத்தத்தான்னு உளறினேன். அந்தப் பொண்ணுக்கு என் மக வயசுதான். கோபப்படாம சொன்னா, "இது உங்க பரீட்சை இல்ல சாப், மெஷினோட பரீட்சை. நீங்க தப்பாச் சொன்னா உங்களுக்கு அப்புறம் வர்ற கண் தெரியாதவங்களுக்குத்தான் நஷ்டம்." அவ உருதுல சொன்னதை நான் தமிழ்ல சொல்றேன். எந்த பாஷையில கேட்டாலும் சுடும்.

அன்னிலேர்ந்து ஆஸ்பத்திரியில தெரிஞ்சா தெரியுதுன்னேன், தெரியலன்னா தெரியலன்னேன். என் மார்க் படு மோசமா இறங்குச்சு. ஃபாத்திமா சந்தோஷப்பட்டா. ஆனா சபையில சொன்னதைத் திருத்த எனக்கு மனசு வரல. யாருக்கு என்ன நஷ்டம்னு விட்டுட்டேன்.

நஷ்டம் யாருக்குன்னு ஒரு மாசத்துல தெரிஞ்சுது. ஹெலன் அக்கா வீட்டுக்கு வந்தாங்க. அவங்க புருஷன் ஜேக்கப் அண்ணனுக்கு சர்க்கரையால ரெண்டு கண்ணும் போனது உங்களுக்குத் தெரியும். அவர் வெள்ளைக் கம்பு பிடிச்சுத் தனியா கடைக்குப் போக, பேசுற போனைப் பயன்படுத்த எல்லாம் ஒரு வகுப்புல கத்துக்கிட்டிருந்தார். நான் நாலு விரல் சொன்ன அன்னிக்கு சாயங்காலமே ஹெலன் அக்கா அந்தக் கம்பைப் பரண்ல தூக்கிப் போட்டுட்டாங்களாம். வகுப்பை நிறுத்திட்டாங்களாம். தேவசகாயத்துக்கு விரல் தெரியுதுன்னா இவருக்கும் தெரியும், கம்பு எதுக்கு, அது அவிசுவாசம்னு. கம்பில்லாம அண்ணன் ஒரு தடவை வாசப்படியில விழுந்து முட்டியில தையல் போட்டிருக்கு. இதையெல்லாம் அக்கா சந்தோஷமா சொல்லிட்டு, அந்த டாக்டர்கிட்ட எங்களைக் கூட்டிட்டுப் போங்க தம்பின்னாங்க. அது அவருக்கு இருக்கிற நோய்க்கு ஆகாதுங்கிற உண்மையைக்கூட அப்ப நான் சொல்லல. பார்க்கலாம்க்கான்னேன்.

அவங்க போனப்புறம் கிரேஸ் சொன்னா, "இப்பமே கிளம்புங்க. நானும் வாரேன்."

அவங்க வீடும் மாரெட்பள்ளிதான், ரெண்டு தெரு தள்ளி. நடந்தே போனோம். அந்த ரெண்டு தெருவும் நான் ஆண்டவர்கிட்டப் பேசிக்கிட்டே போனேன். கண்ணைக் கேட்கல. வாயைக் கேட்டேன். உண்மையைச் சொல்ல ஒரு வாய் கொடும், வேற ஒண்ணும் வேண்டாம்னு கேட்டேன். என் வாழ்க்கையில நான் பண்ணின முதல் நேர்மையான ஜெபம் அதுதான்னு நெனக்கிறேன்.

ஜேக்கப் அண்ணன் கட்டில்ல உட்கார்ந்திருந்தார். ஹெலன் அக்கா டீ போடப் போனாங்க. டீ வர்றதுக்குள்ள சொல்லிட்டேன். "அண்ணே, அந்த நாலு விரல் எனக்குத் தெரியல. குத்துமதிப்பாச் சொன்னேன். எனக்குப் புள்ளிதான் தெரியுது. உங்க கண்ணுக்கு இந்தக் கருவி ஆகாது. என்னால நீங்க விழுந்துட்டீங்க. மன்னிச்சிடுங்க."

அடுப்படியில பாத்திரச் சத்தம் நின்னுது. அண்ணன் சிரிக்க ஆரம்பிச்சார். கட்டில் ஆடுற அளவுக்குச் சிரிச்சார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும், தம்பி. நாலுன்னு சொல்லும்போது உன் குரல் நடுங்குச்சு. நாம கண் தெரியாதவங்க, நமக்குக் குரல்தானே முகம். நான் சொன்னா இவ நம்ப மாட்டேன்னா. நீயே வந்து சொல்லட்டும்னு ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்."

ஹெலன் அக்காவுக்கு என் மேல கோபம். நியாயமான கோபம். ஒரு மாசம் என்னோட பேசல. ஆனா அன்னிக்கே ஸ்டூல் போட்டு ஏறிப் பரண்லேர்ந்து கம்பை எடுத்துத் தூசி தட்டி அண்ணன் கையில கொடுத்தாங்க. அண்ணன் மறுபடி வகுப்புக்குப் போறார். இப்ப என்னைவிட வேகமா நடக்கிறார்.

அந்த வாரம் பாஸ்டர் ஐயாவையும் போய்ப் பார்த்தேன். அவர் முழுக்கக் கேட்டுட்டு, தானும் ஒண்ணு கேட்கணும்னார். கொஞ்ச நாளா அவர் பிரசங்கம் பண்ணும்போது நான் இல்ல, இல்லன்னு தலையாட்டிக்கிட்டே இருக்கேனாம். உபதேசத்துல ஏதாவது தப்பான்னு கேட்டார். ரொம்ப நாளா மனசுல வெச்சுக்கிட்டு இருந்திருக்கார் பாவம். விஷயம் என்னன்னா, கேமரா கண்ணாடியில இருக்கு. நான் கண்ணைத் திருப்பினா அது திரும்பாது, தலையைத்தான் திருப்பணும். ஃபாத்திமா எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான்: "ஆங்க் சே நக்கோ தேக்கோ சாப், சர் சே தேக்கோ." கண்ணால பார்க்காதே, தலையால பாரு. டேபிள் ஃபேன் மாதிரி இடதுலேர்ந்து வலது, வலதுலேர்ந்து இடது. நான் கோயில்ல உட்கார்ந்து பயிற்சி பண்ணிக்கிட்டிருந்தேன். ஐயா அதைப் பார்த்துப் பார்த்துப் பிரசங்கத்தைப் பத்து நிமிஷம் குறைச்சிருந்தார். இது எப்படி நடந்துச்சுன்னு உங்களுக்கெல்லாம் ஆச்சரியமா இருந்திருக்கும். உண்மை தெரிஞ்சதும் அந்தப் பத்து நிமிஷத்தைத் திரும்பச் சேர்த்துட்டார். அதுக்கும் என்னை மன்னிக்கணும்.

இப்ப நான் சொல்ல வந்த அற்புதத்துக்கு வர்றேன்.

அது போன மாசம் ஒரு மத்தியானம். சாப்பிட்டு முடிச்சிருந்தோம். கிரேஸ் ஜன்னல் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்திருந்தா. நான் எதிர்ல உட்கார்ந்து, ரயில்வே ஸ்டோர்ஸ்ல போல்ட்டு நட்டு எண்ணின கதை ஒண்ணைச் சொல்லிக்கிட்டிருந்தேன். நீளமான கதைதான். கண்ணு போன பிறகு எனக்குப் பேச்சு ஜாஸ்தி. இருட்டுல உட்கார்ந்திருக்கிறவனுக்கு வேற என்ன இருக்கு. பேசிக்கிட்டே இருப்பேன். கடைசியில என்ன சொல்றன்னு கேட்டா பதில் வராது. அவ எப்பவோ எழுந்து போயிருப்பா. துணி காயப் போட, பால் வாங்க. வேணும்னு இல்ல, வேலை இருக்கும். ஏழு வருஷம் நான் எத்தனையோ கதைகளைக் காலி நாற்காலிக்குச் சொல்லியிருக்கேன். ஒவ்வொரு தடவையும் குப்புன்னு ஒரு வெட்கம் வரும். அவகிட்ட அதைச் சொன்னதே இல்ல.

அன்னிக்குப் பேசிக்கிட்டே தலையை ஆட்டிக்கிட்டிருந்தேன். ஜன்னல் வெளிச்சம் புள்ளிபுள்ளியா இருக்கு. நடுவுல ஒரு இடத்துல புள்ளி இல்ல. அந்த இல்லாத இடம் மெதுவா உயர்ந்துச்சு. அப்புறம் வலது பக்கமா நகர்ந்துச்சு.

நான் கதையை நிறுத்தினேன்.

"எங்க போற, கிரேஸ்?"

காலடிச் சத்தமே இல்ல. அவ அப்படியே நின்னுட்டா.

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"பொய் சொல்லுதியளா?"

"இல்ல. ஜன்னலை மறைச்ச. எழுந்த. இந்தப் பக்கமாப் போன."

அவ நம்பல. முன்ன பின்ன நடந்து சோதிச்சுப் பார்த்தா. இப்ப எங்க இருக்கேன், இப்பன்னு கேட்டுக்கிட்டே நடந்தா. ஒரு தடவை கூடத் தப்பல. ஒரு தடவை குனிஞ்சு தவழ்ந்து போனா, மறைப்பு கீழ இறங்கினதை வெச்சு அதையும் கண்டுபிடிச்சேன். ஐம்பத்தஞ்சு வயசுல என் மனைவி எங்க வீட்டு ஹால்ல தவழ்ந்தா. அப்புறம் தரையிலயே உட்கார்ந்து அழுதா. ஏன்னு கேட்டேன். "நான் ஒவ்வொரு தடவையும் சத்தமில்லாமத்தான் எழும்பிப் போவேன். நீங்க கடைசியில ஏன் பேசலன்னு கேக்கும்போது அடுப்படியில நின்னு எனக்கு நெஞ்சு வலிக்கும். வந்து உட்காரவும் முடியாது, வேல கெடக்கும்"னா.

ரெண்டு பேரும் ஏழு வருஷமா ஒரே விஷயத்துக்குத் தனித்தனியா அழுதிருக்கோம். ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லாம.

நான் அவ முகத்தைக் கேட்டேன். ஆண்டவர் முகத்தைக் கொடுக்கல. அவ இருக்காளா இல்லையாங்கிறதைக் கொடுத்தார். அன்னிக்கு அந்தத் தரையில உட்கார்ந்து யோசிச்சப்போ, எனக்கு வேண்டியிருந்தது இதுதான்னு தெரிஞ்சுது. கேட்கத் தெரியாமக் கேட்டிருக்கேன். கேட்கத் தெரியாதவனுக்கும் பதில் சொல்ற ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

இப்ப அவ எழுந்தா, "துணி எடுத்துட்டு வாரேன்"னு சொல்லிட்டுத்தான் போவா. நானும் கதையைக் கொஞ்சம் குறைச்சிருக்கேன். குறைச்சது போதாதுன்னு அவ சொல்றா.

இந்தக் கருவி எத்தனை நாள் வேலை செய்யும்னு டாக்டரம்மாவுக்கே தெரியாது. சோதனை இன்னும் முடியல. மாசா மாசம் போய்க் கதவு தேடுறேன், தரையில ஒட்டின கோட்டு மேல நடக்கிறேன், பாதி நேரம் கோட்டை விட்டுட்டுச் சுவத்துல முட்டுறேன். ஃபாத்திமா முட்டினதையும் எழுதிக்கிறா. எனக்கு அப்புறம் வர்றவங்களுக்கு என்னுதைவிட நல்ல கருவி கிடைக்கும். அதுல என் முட்டலும் இருக்கும். நாளைக்கே இது நின்னு போச்சுன்னாலும் நான் மறுபடி அவரோட பேச்சை நிறுத்தப் போறதில்ல.

உங்கள்ல யாராவது அவர்மேல கோபமா இருந்தா, அதை அவர்கிட்டயே சொல்லுங்க. உங்களுக்கு என்ன கிடைச்சுதோ அதை அளந்து சொல்லுங்க, ஒரு விரல்கூடச் சேர்க்காதீங்க. சின்னதா இருந்தாலும் போதும். அவருக்கு நம்ம விளம்பரம் தேவையில்ல.

போன மாசக் கடைசியிலேர்ந்து பாஸ்டர் ஐயா என்னைக் கோயில் வாசல்ல நின்னு வரவேற்கிற வேலைக்குப் போட்டிருக்கார். காலை வெயில் வாசல் வழியா நேரா உள்ள விழுது. யாராவது வந்தா அந்த வெளிச்சத்துல ஒரு மறைப்பு விழும். உடனே கையை நீட்டி ஸ்தோத்திரம்னு சொல்லிடுவேன். முதல் வாரம் எதிர்வீட்டுக்கு வந்த கேஸ் சிலிண்டர்காரர் விலாசம் கேட்க எட்டிப் பார்த்தார், அவருக்கும் சொல்லிட்டேன். அவர் சிலிண்டரை இறக்கி வெச்சிட்டுக் கடைசி வரிசையில உட்கார்ந்து ஆராதனை முடியிற வரைக்கும் இருந்துட்டார். எதிர்வீட்டுக்காரங்க அன்னிக்கு சமைக்கல, அவங்ககிட்டயும் மன்னிப்புக் கேட்டாச்சு. போன வாரமும் வந்தார்.

அதனால வெளியில தயங்கி நிக்கிறவங்க உங்க வீட்டுல, உங்க தெருவுல இருந்தா கூட்டிட்டு வாங்க. என்ன துக்கத்தோட வந்தாலும் வரட்டும். அவங்க வர்றது எனக்குத் தெரியும். யாருன்னு தெரியாது. பேரை மட்டும் சொல்லச் சொல்லுங்க.